தீ அணைந்த பிறகு வரும் மழை

அன்பு நண்பர்களே,

காட்டுத் தீ என்றதும் நாம் புகையையும் கருகிய மரங்களையும் நினைக்கிறோம். எனக்கு அதற்கு அப்புறம் பெய்யும் மழையை நினைத்தால்தான் பயம்.

அமெரிக்காவின் டென்வர் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் குடிநீரில் பெரும்பங்கு சவுத் பிளாட் ஆற்றின் மலைகளிலிருந்து வருகிறது. 1996 மே மாதம் அங்கே பஃபலோ கிரீக் பகுதியில் சுமார் 12,000 ஏக்கர் காடு எரிந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 12 அன்று இடிமழை கொட்டியது. சாம்பல், மணல், கட்டை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு இறங்கிய வெள்ளத்தில் இரண்டு பேர் இறந்தார்கள். அடித்துவந்த வண்டல் கீழே, டென்வருக்குக் குடிநீர் தரும் ஸ்ட்ரான்டியா ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கத்தில் படிந்தது.

அதே மழை முன்பு அந்தக் காட்டில் பெய்யவில்லையா? பெய்தது. ஆனால் அன்று இலையும் சருகும் அதைத் தாங்கி மெல்ல மண்ணுக்குள் இறக்கின. கடும் தீயில் சருகிலுள்ள மெழுகு ஆவியாகி, சற்றுக் கீழே குளிர்ந்து மண்துகள்மேல் படிகிறது. எண்ணெய் தடவிய இலைபோல அந்த மண் நீரை உள்ளே விடாது. பெய்ததெல்லாம் ஓடைக்கே ஓடிவிடும். கலங்கிய அந்த நீரில் கரிமப் பொருள் மிகுந்திருக்கும். குளோரின் சேர்த்தால் தீங்கான துணைப்பொருள்கள் உண்டாகும். சுத்திகரிப்பவர்களுக்கு அது பெரிய தலைவலி.

2002இல் அதே ஆற்றின் மலைகளில் ஹேமன் தீ. சுமார் 1,38,000 ஏக்கர். இரண்டு தீக்கும் பின்னால் வண்டலை அகற்றவும் நீரைச் சுத்திகரிக்கவும் டென்வர் குடிநீர் வாரியம் 2 கோடியே 70 லட்சம் டாலருக்குமேல் செலவழித்தது.

இவ்வளவு பெரிய தீ எப்படி வந்தது? வறட்சியும் காற்றும் ஒருபுறம். ஆனால் அந்தப் பாண்டரோசா பைன் காடுகளில் முன்பு அவ்வப்போது சிறு தீ தரையோடு ஓடிச் சருகைத் தின்றுவிட்டுப் போகும். எந்தத் தீயையும் விடாமல் அணைத்தே பல பத்தாண்டுகள் கழிந்ததில் விறகு குவிந்தது. 2010இல் குடிநீர் வாரியமும் வனத்துறையும் சேர்ந்து நெருக்கமாக நிற்கும் மரங்களில் சிலவற்றை வெட்டிக் கலைத்துவிடப் பணம் போட ஒப்பந்தம் செய்தன. குடிநீர்ப் பணம் காட்டுக்குப் போவதை நான் மனமார வரவேற்கிறேன். கலைக்கிறோம் என்று சரிவில் கண்டபடி பாதை வெட்டினால் மட்டும் அதுவே வண்டலை உண்டாக்கும்.

ஹேமனில் தாய்மரங்கள் கூண்டோடு எரிந்த சரிவுகள் உண்டு. பாண்டரோசா விதை தாய்மரத்தை விட்டு வெகுதூரம் போகாது. இருபது ஆண்டு கழித்தும் அங்கே பல இடங்களில் புல்லும் புதரும்தான்.