கலைக்கூடத்தில் ஒரு புளூடூத் பீக்கன்

நேயர்களுக்கு வணக்கம். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனவர்கள், திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகன தேவரைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் ஆண்டு கடந்த சோழர் செப்புத் திருமேனி. காளை இல்லை; அதன்மேல் ஊன்றிய கை மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த அழகையெல்லாம் பெயர்ப்பலகையில் எவ்வளவுதான் எழுத முடியும்? அவர் முன்னால் நிற்கிறீர்கள் என்று உங்கள் கைப்பேசிக்குத் தெரிந்தால், விவரத்தைத் தமிழிலேயே காதில் சொல்லிவிடும்.

ஜிபிஎஸ் இதற்கு உதவாது. கனத்த சுவர்களுக்குள் சமிக்ஞை நலிந்துவிடும். இந்தச் சிலையா, அடுத்ததா என்று பிரித்தறியும் நுட்பம் திறந்த வெளியிலேயே அதற்குப் போதாது. இங்கேதான் பீக்கன் பயன்படுகிறது.

பொத்தான் பேட்டரியில்கூட ஓடக்கூடிய சிறு கருவி அது. 2010-இல் வந்த புளூடூத் 4.0, மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்த முறையில் பீக்கன் தன் அடையாள எண்ணைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்புகிறது. ஆப்பிள் 2013-இல் அறிவித்த ஐபீக்கன் முறையில் அந்த எண்ணுக்கு மூன்று பகுதிகள். முதலாவதை நிறுவனத்துக்கும், இரண்டாவதைக் கட்டடத்துக்கும், மூன்றாவதை அந்தச் சிலைக்கும் ஒதுக்கலாம். ஒரு மீட்டர் தொலைவில் தன் சமிக்ஞை எவ்வளவு வலுவாக இருக்கும் என்பதையும் பீக்கன் கூடவே சொல்லும். கைப்பேசி, தனக்கு வந்து சேர்ந்த வலுவை அதோடு ஒப்பிட்டுத் தூரத்தைக் கணிக்கும். கதையும் படமும் செயலியில் இருக்கும், இல்லையென்றால் சர்வரிலிருந்து வரும்.

சரி, இது நம்மை வேவு பார்க்குமா? இந்த வகைப் பீக்கன் எதையும் கேட்பதில்லை. நாகப்பட்டினம் கலங்கரை விளக்கத்துக்கு எந்தப் படகு தன்னைப் பார்க்கிறது என்று தெரியாதல்லவா, அப்படித்தான். ஆனால் செயலிக்குத் தெரியும். எந்தச் சிலை முன் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதை அது சர்வருக்கு அனுப்பிவிட முடியும். ஆகவே கலைக்கூடச் செயலி உள்நுழைவு கேட்கவே கூடாது என்பேன். விவரம் முழுவதையும் முதலிலேயே கைப்பேசியில் இறக்கிவிட்டால் இணையமும் வேண்டாம், உங்கள் நடமாட்டம் வெளியே போகவும் வேண்டாம்.

தூரக் கணக்கு கொஞ்சம் சிக்கல்தான். பீக்கன் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடலில் உள்ள நீர் உறிஞ்சிக்கொள்ளும். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து நின்றால், பக்கத்துச் சிலைகூடத் தள்ளி இருப்பதாகக் கைப்பேசிக்குத் தோன்றும். போதாததற்குத் திருமேனியே உலோகம். அலை அதில் பட்டுத் திரும்பும். அதனால் மீட்டர் கணக்கை நம்பாமல் ‘மிக அருகில்’, ‘அருகில்’, ‘தொலைவில்’ என்று மட்டும் பிரித்தால் போதும். பீக்கனையும் தலைக்கு மேலே பொருத்த வேண்டும். நெருக்கமாக நிற்கும் இரண்டு திருமேனிகளுக்கு ஒரே பீக்கன் வைத்து, எது வேண்டும் என்று பார்ப்பவரையே தொடச் சொல்லலாம்.

அப்புறம் பேட்டரி. அடிக்கடி ஒலிபரப்பினால் கைப்பேசி சட்டென்று கண்டுகொள்ளும். பேட்டரியும் அதற்கேற்பச் சீக்கிரம் தீரும். தீர்ந்த பீக்கனைப் பார்த்தால் வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது. பொருத்தும் நாளிலேயே அதை மாற்றும் பொறுப்பு யாருடையது, எந்த மாதம் என்று கலைக்கூடப் பதிவேட்டில் எழுதி வைத்துவிட வேண்டும். நன்றி, வணக்கம்.