தணிக்கையின் கத்தரிக்கோல் காப்பாற்றிய காட்சிகள்: 1960களின் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஏன் அழிந்தது?

[திரையில்: சில விநாடிகளே ஓடும் கறுப்பு வெள்ளைக் காட்சி]

வணக்கம். இரண்டு ஆண்கள் ஒரு பெண்ணின் அறைக்குள் நுழைந்து, வாயை அகலத் திறந்து, ஓசையில்லாமல் நச்சுக் காற்றை ஊதுகிறார்கள். அவள் மூச்சுத் திணறிச் சரிகிறாள். 1968ஆம் ஆண்டு பிபிசி ஒளிபரப்பிய 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடரில் வந்த காட்சி இது. இந்தக் கதை 6 அத்தியாயங்களாக ஒளிபரப்பானது. அவற்றில் ஒன்றுகூட இன்று முழுமையாக இல்லை. ஆனால் இந்தச் சில விநாடிகள் மட்டும் பிழைத்திருக்கின்றன. சிறுவர்கள் பார்த்தால் பயந்துவிடுவார்கள் என்று ஆஸ்திரேலியத் தணிக்கை அதிகாரிகள் வெட்டி எடுத்ததால்தான் பிழைத்தன. அவர்கள் தாராளமாகப் பார்க்கலாம் என்று அனுமதித்த பகுதிகள் அழிந்துபோயின. பார்க்கவே கூடாது என்று விலக்கியவை ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன.

இது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் தொலைக்காட்சி எப்படித் தயாரானது என்று பார்க்க வேண்டும். பின்னணியைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அப்போது அங்கே இரண்டே அலைவரிசைகள் இருந்தன: தொலைக்காட்சி வைத்திருந்த வீடுகள் செலுத்திய உரிமக் கட்டணத்தில் இயங்கிய பிபிசி, 1955இல் தொடங்கிய விளம்பர வருமானத்தை நம்பிய ஐடிவி. படம் 405 கிடைக்கோடுகளால் ஆன கறுப்பு வெள்ளைப் படம். 1964 ஏப்ரலில் புதிதாக வந்த பிபிசி 2 அலைவரிசைதான் 625 கோடுகளில் ஒளிபரப்பானது. வண்ணம் வருவதற்கு 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்றைய தொலைக்காட்சி நாடகத்தைச் சினிமாவின் தம்பி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது மேடை நாடகத்தின் பிள்ளை. வாரம் முழுவதும் ஒத்திகை நடக்கும். பிறகு ஒரே மாலையில், பல கேமராக்கள் அரங்கத்துக்குள் ஓசையின்றி நகர, நாடகம் தொடக்கம் முதல் இறுதிவரை ஏறக்குறைய நிறுத்தமில்லாமல் நடித்து முடிக்கப்படும். 1962இல் தொடங்கிய 'இசட் கார்ஸ்' என்ற காவல்துறைத் தொடர் ஆண்டுக்கணக்கில் நேரலையாகவே ஒளிபரப்பானது. பதிவு செய்யப்பட்ட நிகழ்ச்சிகளும் நேரலையைப் போலவேதான் உருவாயின. 'டாக்டர் ஹூ'வின் நாயகனான 'டாக்டர்' வேடத்தை முதலில் ஏற்ற வில்லியம் ஹார்ட்னெல் வசனத்தில் தடுமாறும் இடங்கள் அப்படியே ஒளிபரப்பாகின. அவற்றைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நடிகர் தடுமாறி, சமாளித்து, அடுத்த வரியைப் பிடித்துக்கொள்வதை அறுபது ஆண்டுகள் கழித்துப் பார்ப்பது, நாடகக் கொட்டகையின் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம் என்றே நினைக்கிறேன்.

தடுமாறிய இடத்தை வெட்டிவிட்டு மறுபடியும் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இந்த அழிவின் வேர் இருக்கிறது. ஆகவே நிகழ்ச்சிகளைப் பதிவு செய்த ஒளிநாடாவை, அதாவது வீடியோ டேப்பை, கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

[திரையில்: பெரிய சுருள் ஒன்றின் அருகே நிற்கும் பொறியாளர்]

1958இல் பிபிசி 'வேரா' என்ற ஒளிப்பதிவு இயந்திரத்தைத் தானே உருவாக்கியது. அதில் நாடா விநாடிக்கு 200 அங்குல வேகத்தில், அதாவது ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் ஓடும். அவ்வளவு பெரிய சுருளைச் சுற்றியும் 15 நிமிடங்கள்தான் பதிவு செய்ய முடிந்தது. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது நான் உண்மையிலேயே அசந்துபோனேன்: கால் மணி நேர நிகழ்ச்சிக்கு நாலரைக் கிலோமீட்டர் நாடா! அதனால் வேரா விரைவிலேயே ஓய்வு பெற்றது. அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் இயந்திரம் அந்த இடத்துக்கு வந்தது. அதன் நாடா 2 அங்குல அகலம் கொண்டது. விநாடிக்கு 15 அங்குலம் ஓடியது. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1,370 மீட்டர் போதுமானதாக இருந்தது.

இந்த நாடாவை வெட்டி ஒட்டுவது எளிய வேலையன்று. சினிமா பிலிமில் ஒவ்வொரு படமும் கண்ணுக்குத் தெரியும்; காந்த நாடாவில் எதுவுமே தெரியாது. எனவே நுண்ணிய இரும்புத் துகள் கலந்த திரவத்தை நாடாவின்மீது பூசுவார்கள். காந்தப் பதிவு இருக்கும் தடங்களில் துகள்கள் ஒட்டிக்கொண்டு மெல்லிய கோடுகளாகத் தெரியும். நுண்ணோக்கியில் அந்தக் கோடுகளைப் பார்த்து, சரியான இடத்தில் கூரிய அலகால் வெட்டி ஒட்ட வேண்டும். இம்மியளவு பிசகினாலும் ஒளிபரப்பில் படம் துள்ளிக் குலையும். இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு: வெட்டுப்பட்ட நாடாவை மறுபடியும் நம்பிப் பயன்படுத்த முடியாது. மிக விலையுயர்ந்த பொருள் அது. அதை வெட்டாமல் வைத்திருந்தால், உள்ளே இருப்பதை அழித்துவிட்டு அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்யலாம். சிலேட்டைத் துடைத்துவிட்டு அடுத்த கணக்கைப் போடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலேட்டில் எழுதியதை யாராவது காலமெல்லாம் பாதுகாப்பார்களா?

இதற்கு மேல் தொழிற்சங்க ஒப்பந்தங்களும் இருந்தன. பழைய பதிவுகளையே திரும்பத் திரும்பக் காட்டினால் புதிய வாய்ப்பு குறைந்துவிடும் என்று நடிகர்களும் இசைக் கலைஞர்களும் அஞ்சினார்கள்; அவர்களுடைய அச்சம் நியாயமானது. அதனால் மறு ஒளிபரப்புக்குக் கால வரம்பும் எண்ணிக்கை வரம்பும் விதிக்கப்பட்டன. அந்தக் கெடு முடிந்த நாடாவால் நிலையத்துக்குப் பயன் இல்லை. வண்ணம் வந்த பிறகு கறுப்பு வெள்ளையைக் கேட்பாரும் இல்லை. வீட்டிலேயே வாங்கிவைத்துப் பார்க்கும் கேசட்டுகளின் காலம் அப்போது பிறக்கவே இல்லை.

இப்படி அழிந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 1963 ஜனவரியில், உலகம் இன்னும் அறிந்திராத பாப் டிலன் என்ற 21 வயது அமெரிக்கப் பாடகர் பிபிசி நாடகம் ஒன்றில் நடித்துப் பாடினார்; அந்தப் பதிவு 1968இல் அழிக்கப்பட்டது. ஐடிவியின் 'தி அவெஞ்சர்ஸ்' என்ற உளவுத் தொடர் (மார்வெல் படங்கள் அல்ல) 1961இல் முதல் பருவத்தில் 26 அத்தியாயங்கள் கண்டது; அவற்றில் முழுமையாக மிஞ்சியவை மூன்றே. பிபிசியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியாகாது என்பதற்காகவே இந்த இரண்டாவது உதாரணம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: எஞ்சியவை எப்படி எஞ்சின?

'டாக்டர் ஹூ' தொடர், அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதற்கு மறுநாள், 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. அதைத் தயாரித்தவர் 27 வயதே ஆகியிருந்த வெரிட்டி லாம்பர்ட். முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன், அவருக்கு வயது 24. 1960களில் பதிவான இத்தொடரின் மூல ஒளிநாடா ஒன்றுகூட இன்று இல்லை. நாம் பார்ப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு விற்பனைக்காக, ஒரு திரையின்முன் பிலிம் கேமராவை வைத்துப் படம்பிடித்த 16 மில்லிமீட்டர் பிரதிகள். அந்தப் பிரதிகள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங், சிங்கப்பூர், நைஜீரியா என்று பல நாடுகளுக்குப் போயின. ஒரு நிலையம் ஒளிபரப்பி முடித்ததும் பெட்டியை அடுத்த நாட்டுக்கு அனுப்பும். உரிமைக் காலம் முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும் அல்லது அழித்துவிட வேண்டும். சிங்கப்பூரில் இந்தக் காணொளியைப் பார்க்கும் நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்நாளில் இத்தொடரைப் பார்த்திருந்தால், அவர்கள் நினைவில் இருப்பதைக் கேட்டு அவசியம் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.

ஆஸ்திரேலியாவில்தான் நம் கத்தரிக்கோல் வருகிறது. அங்கே தணிக்கை அதிகாரிகள் வெட்டிய துண்டுகளைக் குப்பையில் எறியவில்லை. அரசு அலுவலகத்துக்கே உரிய ஒழுங்கோடு, எந்த நிகழ்ச்சி, எந்த இடம் என்று குறித்துக் கோப்போடு சேர்த்து வைத்தார்கள். முழுப் பிரதிகள் உலகெங்கும் அழிந்துபோக, அந்தத் துண்டுகள் 1996இல் தேசிய ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டன. கழுத்தை நெரிப்பதும், கத்தி வீசுவதும், அலறுவதும் மட்டுமே அவற்றில் இருக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தால், முழுக்க முழுக்கத் திகிலாலான ஒரு தொடர் அது என்று தோன்றும். ஆனால் அது குடும்பத்தோடு சனிக்கிழமை மாலையில் பார்த்த தொடர்.

லண்டனில் ஜான் கூரா என்றொருவர் வேறொரு தொழில் செய்தார். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் எதிரே கேமராவைப் பொருத்திவைத்து, நிகழ்ச்சி ஓடும்போதே திரையைத் தொடர்ந்து படமெடுத்தார். ஓர் அத்தியாயத்துக்குப் பல பத்துப் படங்கள். தபால்தலையைவிடச் சற்றே பெரிய அந்தப் படங்களை நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றார். வாரக்கணக்கில் உழைத்தது அரை மணியில் காற்றோடு போய்விடும் என்பதை அறிந்தவர்கள் அவற்றை விரும்பி வாங்கினார்கள். இன்னொரு பக்கம், தொலைக்காட்சியின் ஒலிபெருக்கி அருகே மைக்கை வைத்து ஒலியைப் பதிவு செய்த சிறுவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய நாடாக்களால்தான், காணாமல்போன 'டாக்டர் ஹூ' அத்தியாயங்கள் அனைத்தின் ஒலியும் இன்று நமக்குக் கேட்கக் கிடைக்கிறது. பாதுகாக்க வேண்டியவர்கள் துடைத்துவிட்டதை, அந்தக் கடமையே இல்லாதவர்கள் காப்பாற்றினார்கள்.

தேடல் இன்னும் முடியவில்லை. 1992இல் ஹாங்காங்கிலிருந்து ஒரு முழுக் கதை திரும்பி வந்தது. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகர ஒளிபரப்பு நிலையத்தில் கிடைத்த பெட்டிகளிலிருந்து 9 அத்தியாயங்கள் மீண்டன. இன்னும் 90க்கும் மேற்பட்டவை கிடைக்கவில்லை.

அவற்றுள் நான் மிகவும் காண ஏங்குவது, 1964இல் வாரிஸ் ஹுசைன் பெரும்பகுதியை இயக்கிய மார்க்கோ போலோ கதை. மொத்தம் 7 அத்தியாயங்கள், ஒன்றுகூட இல்லை. ஆனால் கூரா எடுத்த படங்களை ஹுசைன் தன்னிடம் பத்திரமாக வைத்திருந்தார். அவர் இயக்கிய 6 அத்தியாயங்களுக்கும் படங்கள் கிடைத்துவிட்டன. நான்காவது அத்தியாயத்தை இயக்கியவர் வேறொருவர். அதற்குக் கூராவின் படங்கள் இல்லை. ஒலி மட்டும் இருக்கிறது.

[திரை இருளாகிறது, ஒலி மட்டும் ஓடுகிறது]