நாற்காலி இல்லாத ஹாக்கிங்

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்திருக்கிறேன். விஞ்ஞானி எல்லாம் இல்லை, இருபத்தாறு வருஷம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தவன், அவ்வளவுதான். இரண்டு வயதில் போலியோ வந்து, காலில் மாட்டும் காலிப்பர், ஊன்றுகோல் என்று தாக்குப்பிடித்து, கடைசியில் வீல் சேரில் வந்து நின்றிருக்கிறேன், அதாவது உட்கார்ந்திருக்கிறேன். ரேடியோவில் அது உங்களுக்குத் தெரியாது என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இன்றைய பேச்சே ஒரு நாற்காலியைப் பற்றியது.

2018 மார்ச் 14, புதன்கிழமை. குரங்கணி காட்டுத் தீயைப் பற்றித்தான் டிவி மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஓடிய எழுத்தில் இயற்பியல் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் காலமானார் என்று வந்தது. 76 வயது. 21 வயதில் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் என்று கண்டுபிடித்து, இன்னும் இரண்டு வருஷம்தான் என்று டாக்டர்கள் கணக்குச் சொன்ன மனிதர், அதற்கு மேல் அரை நூற்றாண்டுக்கும் அதிகமாக, பெரும்பகுதி வீல் சேரிலேயே, இருந்துவிட்டுப் போனார். சாயங்காலம் என் பழைய மாணவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "சார், ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கலாம்னு இருக்கோம், வாசகம் மட்டும் நீங்க பார்த்துக் கொடுங்க" என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். நடிகருக்கும் கட்சிக்காரருக்கும் மட்டுமே கண்ணீர் அஞ்சலி பார்த்த ஊரில் ஒரு இயற்பியல்காரருக்கு ஃப்ளெக்ஸ் என்றால் சும்மாவா?

கடைக்குப் போனோம். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைகளில் கண்ணீர் அஞ்சலிக்கென்று ஒரு அச்சு தயாராகவே இருக்கும், உங்களுக்குத் தெரிந்ததுதான்: கறுப்புப் பின்னணி, ஒரு மெழுகுவத்தி, நீர் சொட்டும் இரண்டு கண்கள், ஒரு வெள்ளைப் புறா, தோற்றம், மறைவு, நடுவில் படம். டிசைனர் தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், மெளஸ் மேல் கை பறக்கிறது. நாங்கள் போவதற்குள் முக்கால்வாசி முடித்துவிட்டார். பார்த்தால், மேலே பெரிய எழுத்தில் 'இறைவனடி சேர்ந்தார்'. நான் சிரித்துவிட்டேன். மூளை என்பது ஒரு கம்ப்யூட்டர், பழுதான கம்ப்யூட்டருக்கு சொர்க்கம் கிடையாது என்று 2011-ல் பேட்டி கொடுத்தவரை நாங்கள் நேராக இறைவனடியிலேயே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம். சரி, அது அச்சிலேயே இருந்த வரி, அந்தத் தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை, எடுத்தாயிற்று.

படத்தைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. நாற்காலியைக் காணோம். மார்பளவுக்கு வெட்டி, தோள்பக்கம் நட்சத்திரங்களைத் தூவி, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் அவர் தலையை நிமிர்த்தி நேராக வைத்திருந்தார். "சாய்ஞ்சிருந்துது சார், நேராக்கிட்டேன்" என்றார், நல்ல வேலை செய்துவிட்ட திருப்தியோடு. நாற்காலி எங்கே தம்பி என்றேன். "செத்த பிறகாவது அது இல்லாம இருக்கட்டுமே சார்."

என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மனசில் ஒரு விகல்பமும் இல்லை, பாவம், அதனால்தான் சட்டென்று பதில் வரவில்லை.

அவரை மட்டும் சொல்வானேன். அந்த வாரம் உலகம் முழுக்க இதே படம்தான் சுற்றியது. காலி நாற்காலி ஒரு ஓரமாகக் கிடக்கும், அதிலிருந்து எழுந்து அவர் நட்சத்திரங்களை நோக்கி நடந்துபோவார், கீழே 'இனி விடுதலை' என்று ஒரு வரி இருக்கும். வீல் சேரில் இருக்கிற பலருக்கு அது சுருக்கென்று குத்தியது, எனக்கும் குத்தியது. நாற்காலி என்ன ஜெயிலா? நான் காலையில் இதில் ஏறினால்தான் வாசலுக்கே வர முடியும். வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த வருஷங்கள்தான் எனக்கு ஜெயில்.

ஹாக்கிங்குக்கு அது இன்னும் ஒரு படி மேல். 1985-ல் ஜெனிவாவுக்குப் போன இடத்தில் நிமோனியா வந்து உயிருக்கே ஆபத்தாகி, தொண்டையில் துளை போட்டதில் இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் போய்விட்டது. அப்புறம் எழுத்து அட்டையை யாராவது எதிரே பிடிக்க வேண்டும், சரியான எழுத்து வரும்போது இவர் புருவத்தைத் தூக்க வேண்டும். வால்ட் வோல்டோஸ் என்ற அமெரிக்கர், இதே நோய் வந்த தன் மாமியாருக்காக, திரையில் வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்துப் பேச ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிவைத்திருந்தார், அது இவருக்கு வந்து சேர்ந்தது. அதை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டரை நாற்காலியிலேயே பொருத்திக் கொடுத்தவர் டேவிட் மேசன், ஹாக்கிங்கைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் ஒருவரின் கணவர். (அந்த நர்ஸையே பின்னால் 1995-ல் ஹாக்கிங் கல்யாணம் செய்துகொண்டார், அது வேறு கதை.) 1988-ல் வெளிவந்து ஒரு கோடிப் பேருக்கு மேல் கைக்குப் போன 'எ ப்ரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்' (காலத்தின் சுருக்கமான வரலாறு) என்ற புத்தகத்தைத் திருத்தி முடித்தது இந்த ஏற்பாட்டை வைத்துத்தான். கை முழுவதும் ஓய்ந்த பிறகு கன்னத்துத் தசை ஒன்றை மட்டும் அசைத்து, மூக்குக்கண்ணாடியில் மாட்டிய ஒரு சென்சார் அதைப் பிடிக்க, கடைசிக் காலத்தில் நிமிஷத்துக்கு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. ஆக அந்த நாற்காலிதான் அவருக்கு வாய், அதுதான் பேனா. அதை வெட்டிவிட்டு அவருக்கு அஞ்சலி என்றால் எப்படி?

இயற்பியல் வாத்தியார் வந்துவிட்டு இயற்பியல் சொல்லாமல் போகக் கூடாது, கொஞ்சம் சொல்கிறேன். 1970 நவம்பரில் ஒரு ராத்திரி, மகள் லூசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது, ஹாக்கிங் படுக்கப் போகிறார். அவருக்குப் படுக்கையில் ஏறுவதே நீண்ட நேர வேலை. அந்த நேரத்தில், ஒளிகூடத் தப்ப முடியாத கருந்துளைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அதன் விளிம்பின் பரப்பு ஒருபோதும் குறையாது என்று பிடிபட்டது. அவரே எழுதியிருக்கிறார். நான்கு வருஷம் கழித்து, 1974-ல், கருந்துளை முழுக் கறுப்பு இல்லை, மெல்ல வெப்பத்தைக் கசியவிடும் என்று சொல்லி எல்லோரையும் திடுக்கிட வைத்தார். அந்தச் சமன்பாடுதான் இன்று அவர் கல்லறைக் கல்லில் இருக்கிறது. இதற்காக நோய் வந்தது நல்லது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. மெதுவாகப் படுக்கிற உடம்பும் மெதுவாக யோசிக்கிற தலையும் ஒரே ஆளுடையவை, ஒன்றை வெட்டி எடுக்க முடியாது என்கிறேன்.

குரலையும் சொல்ல வேண்டும், ரேடியோவில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது. அந்த இயந்திரக் குரல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த டென்னிஸ் கிளாட் தன் சொந்தக் குரலை வைத்து உருவாக்கியது. கிளாட் 1988-லேயே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த முப்பது வருஷமும் ஹாக்கிங் பேசியது இறந்துபோன ஒருவரின் குரலில். இதைவிட நல்ல குரல்கள் வந்தன, மாற்றித் தருகிறோம் என்றார்கள், மாட்டேன் என்றுவிட்டார். இதுதான் என் குரல் என்று வைத்துக்கொண்டார். 2018 ஜூன் 15-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் நியூட்டனுக்கும் டார்வினுக்கும் நடுவே அவர் அஸ்தியை வைத்த அன்று, அதே குரலை இசையோடு சேர்த்து சுமார் 3,500 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஒரு கருந்துளையை நோக்கி அனுப்பினார்கள். அதை யாரும் நேராக்கவில்லை. அந்த நிகழ்ச்சிக்குப் பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய ஆயிரம் இடத்துக்கு 25,000 பேர் விண்ணப்பித்தார்களாம். விண்ணப்பத்தில் பிறந்த தேதியை 2038 வரைக்கும் போடலாம் என்று விட்டிருந்தார்கள், எதிர்காலத்திலிருந்து யாராவது வந்தால் வரட்டும் என்று. இரங்கல் என்றால் இப்படி இருக்க வேண்டும், செத்தவரும் சிரிப்பார்.

நம் பக்கம் என்ன நடந்தது? 2001 ஜனவரியில் அவர் மும்பைக்கும் டெல்லிக்கும் வந்தார். குதுப் மினாரைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கே வீல் சேர் போக வழியில்லை. ஊனமுற்றோர் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த ஜாவேத் அபிதி, அவரும் வீல் சேர்க்காரர், விடாமல் குரல் கொடுத்ததில் குதுப் மினார், செங்கோட்டை போன்ற இடங்களில் அவசர அவசரமாக மரத்தில் சாய்தளம் போட்டார்கள். உலகப் புகழ்பெற்ற விருந்தாளி வந்ததால் வந்த சாய்தளம். அந்த ஜாவேத் அபிதி இறந்தது 2018 மார்ச் 4, ஹாக்கிங்குக்குச் சரியாகப் பத்து நாள் முன்னால். எங்கள் ஊரில் அவருக்கு ஃப்ளெக்ஸ் கிடையாது. எனக்கும் அப்போது தோன்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

சரி, கடைக்கு வருகிறேன். தம்பியிடம் இதையெல்லாம் அன்றைக்குச் சொல்லவில்லை, இவ்வளவு கோர்வையாக வரவும் வராது. "நாற்காலியைப் போடுங்க தம்பி, தலையும் இருந்தபடியே இருக்கட்டும்" என்றேன், போட்டார். இரங்கல் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, ஒரு மண்டபத்து மாடியில். லிஃப்ட் இல்லை, பதினெட்டுப் படி. ஹாக்கிங்குக்கு இரங்கல், வீல் சேர் கீழே! பையன்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு போகத் தயாராக இருந்தார்கள், வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் அவர்களாகவே மைக்கைக் கீழே இறக்கினார்கள். வண்டி நிறுத்துகிற இடத்தில், பைக்குகளைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு டியூப் லைட் வெளிச்சத்தில், கொசுக்கடியோடு நடந்தது கூட்டம். நன்றாகவே நடந்தது.

முடிந்ததும் டிசைனர் தம்பி வந்து நின்றார். பேசாமல் என் நாற்காலியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சார், இது என்ன விலை ஆகும்?" என்றார். யாருக்கு என்றேன். "எங்க ஆயாவுக்கு சார். விழுந்து இடுப்பு போச்சு, ரெண்டு வருஷமா உள் ரூமோட சரி."

அரசிடமே கேட்கலாம், காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை ஆயாவின் ஆதார் அட்டையும் இரண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். வந்தார்.

வணக்கம்.