பட்டி வட்டமாகத்தான் போடுவோம்

(கேரளத்துப் பாலக்காடு மாவட்டம் சித்தூரில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, உடன் பணியாற்றும் ஆசிரியர்களே, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வகுப்பில் ஸ்மார்ட் போர்டையும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் கருவிகளையும் எப்படிப் பயன்படுத்துவது என்று பேசச் சொன்னார்கள். நான் கணக்கு வாத்தியார். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 22 வருடமாகத் தமிழில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் நடந்த ஒரு பீரியடைச் சொல்லியே ஆரம்பிக்கிறேன்.

சுற்றளவு, பரப்பளவு பாடம். 20 மீட்டர் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு முதலில் மைதானத்துக்குப் போனேன். நாலு பேர் நாலு மூலையில் நின்று கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும். செவ்வகமாக வரவேண்டும். எப்படிப் பிடித்தால் உள்ளே அதிக இடம் கிடைக்கும் என்று கேட்டேன். "எப்படிப் புடிச்சாலும் ஒரே எடந்தானுங்க சார், கயிறு ஒண்ணுதானே" என்றார்கள். பெரியவர்களைக் கேட்டாலும் பாதிப்பேர் இதைத்தான் சொல்வார்கள்.

வகுப்புக்குத் திரும்பி ஜியோஜீப்ரா என்ற கணக்கு வரைபட மென்பொருளைத் திறந்தேன். திரையில் ஒரு செவ்வகம். சுற்றளவு 20-ஐ விட்டு நகராதபடி முதல்நாள் இரவே அமைத்து வைத்திருந்தேன். கீழே ஒரு கோடு, அதில் ஒரு புள்ளி. புள்ளியைத் தள்ளினால் நீளம் மாறும். அதற்குத் தக்கபடி அகலமும் மாறும். பரப்பளவு பக்கத்தில் எழுத்தாக ஓடும். ஒரு பெண் வந்து தள்ளினாள். நீளம் 9, அகலம் 1 என்றால் 9 சதுர மீட்டர். 8-க்கு 2 என்றால் 16. 7-க்கு 3 என்றால் 21. 6-க்கு 4 என்றால் 24. 5-க்கு 5 வந்தபோது 25. அதைத் தாண்டித் தள்ளினால் மறுபடி இறங்குகிறது. அவள் தள்ளத் தள்ள வகுப்பே எண்களைக் கூவியது. "சதுரந்தான் சார் பெருசு!" நான் எழுதி வைத்திருந்த பாடக்குறிப்பு அதோடு முடிந்துவிட்டது.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அந்த வருடம் முழுக்க, கேட்டால் ஒழிய வாய் திறக்காதவன். "சார், வட்டமாப் போட்டா இன்னும் நெறைய வருமுங்க. எங்க வீட்டுல ஆட்டுப்பட்டி வட்டமாத்தான் போடுவோம். படல் கம்மியாப் புடிக்கும்."

ஸ்மார்ட் போர்டின் பேனாவை அவன் கையில் கொடுத்தேன். வட்டம் ஒன்று வரைந்து, சுற்றளவு 20-ஐத் தொடும் வரை மெல்ல இழுத்துப் பெரிதாக்கினான். ஆரம் 3.18 மீட்டருக்குப் பக்கத்தில் நின்றது. பரப்பளவு ஏறத்தாழ 31.8 சதுர மீட்டர். அதே கயிறு. 25 எங்கே, 32-ஐத் தொடப்போகும் எண் எங்கே! அவன் பேனாவைக் கீழே வைக்காமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தாத்தா படலை வளைத்து நட்ட காரணம் அங்கே எழுதியிருந்தது.

இதைக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்ட முடியாதா? முடியும். 22 வருடத்தில் பல தடவை காட்டியிருக்கிறேன். ஆனால் அப்போது கணக்கைப் போட்டது நான். அன்றைக்கு அவனுக்குத் தோன்றிய நிமிடத்திலேயே அவனே சோதித்துப் பார்த்தான். தவறாக இருந்திருந்தால் அதையும் அவனே கண்டுபிடித்திருப்பான். நான் இந்தக் கருவிகளை நம்புவதற்குக் காரணம் இது ஒன்றுதான்.

அதனால்தான் வேறு சில வகுப்பறைகளைப் பார்க்கும்போது மனது வலிக்கிறது. ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, 40 நிமிடம் வீடியோ ஓடுகிறது. ஆசிரியர் மேசையருகே நிற்கிறார். பிள்ளைகள் அமைதியாக இருக்கிறார்கள். அந்த அமைதியைப் பார்த்துப் பாடம் ஏறிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மறுநாள் கேட்டுப் பாருங்கள், படத்தில் வந்த ஒட்டகம் நினைவிருக்கும், பாடம் இருக்காது. தொட்டால் வேலை செய்யும் பலகையை வாங்கி வைத்துவிட்டு, பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்று பூட்டியும் வைக்கிறோம். தொடத்தானே அந்தப் பலகை?

நம் கேரளத்தில் வசதி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளிகளில் கம்ப்யூட்டர் வழிக் கல்விக்காக 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம் 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமாக ஆனது. 8 முதல் 12 வரையிலான வகுப்புகளில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் வந்தன. 2020 ஜூன் 1 அன்று கொரோனாவால் பள்ளி மூடியிருந்தபோது விக்டர்ஸ் கல்விச் சேனலில் ஃபர்ஸ்ட் பெல் என்ற டி.வி. வகுப்புகள் தொடங்கியதும், நம் பிள்ளைகள் அடுத்த வீட்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்ததும் இங்கே இருக்கும் பெற்றோருக்கு நினைவிருக்கும்.

நம் சிக்கல் வேறு. அது மொழி. தேடினால் கிடைக்கும் நல்ல வீடியோக்களில் பெரும்பாலானவை மலையாளத்தில் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு மலையாளம் புரியும். கடையிலும் பஸ்ஸிலும் பேசுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் நாமும் போட்டுவிடுகிறோம். ஆனால் கணக்குக்குள் போய்ப் பாருங்கள். சுற்றளவு என்பது இரண்டு மொழியிலும் சுற்றளவுதான். பரப்பளவை அங்கே விஸ்தீர்ணம் என்றும் சொல்வார்கள். பக்கம் அங்கே வசம். வட்டம் அங்கே விருத்தம். நம் பிள்ளைக்கு விருத்தம் என்றால் தமிழ் இரண்டாம் தாளில் வரும் பாட்டு. ஒரு வார்த்தை புரிந்து அடுத்த வார்த்தை நழுவும்போது பிள்ளை எழுந்து நின்று சந்தேகம் கேட்காது, தலையை ஆட்டிவிடும். தலையாட்டும் பிள்ளைக்குப் புரியவில்லை என்று கண்டுபிடிக்க எனக்குப் பல வருடம் ஆயிற்று.

தமிழ்நாட்டுப் பாடங்களைப் போடலாமே என்பார்கள். போடலாம், நானும் போடுகிறேன். 2023-இல் அவர்கள் கொண்டுவந்த செயலிக்கு மணற்கேணி என்று குறளிலிருந்து பெயர் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொன்னாலே எனக்குச் சந்தோஷம். ஆனால் அது அவர்களுடைய பாடத்திட்டத்துக்குச் செய்தது. நம் பிள்ளை எழுதப்போவது கேரளத்து எஸ்.எஸ்.எல்.சி. வரிசை வேறு, கேள்வி கேட்கும் விதம் வேறு. ஆக, கிழக்கே இருப்பதும் மேற்கே இருப்பதும் நமக்குப் பாதி பாதிதான் பொருந்தும். எல்லையில் வேலந்தாவளத்துக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவே இருக்கும் பிள்ளைக்கு வேண்டிய பாடத்தை நாம்தான் செய்தாக வேண்டும்.

செய்வது கஷ்டமில்லை. நல்ல மலையாள வீடியோ கிடைத்தால் ஒலியை அடைத்துவிடுங்கள். படம் ஓடட்டும், பேச்சு உங்களுடையதாக இருக்கட்டும், வேண்டிய இடத்தில் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். ஃபெட் என்ற அறிவியல் செய்முறைத் தொகுப்பை இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கினார். கம்பியையும் பேட்டரியையும் பல்பையும் திரையிலேயே இணைத்துப் பார்க்கலாம். தப்பாக இணைத்தால் தீப்பிடிப்பதையும் காட்டும், யார் கையும் சுடாது. அதில் சில தமிழிலேயே இருக்கின்றன. இல்லாதவற்றை நம்மைப் போன்ற ஆசிரியர்களே மொழிபெயர்த்துக் கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள். நம் அறிவியல் ஆசிரியர்கள் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டால் இடுக்கியில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் அது போய்ச் சேரும்.

இலவசம் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காசில்லாமல் கிடைப்பது வேறு, யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் வேறு. கூகுளின் ஜாம்போர்டு என்ற இணைய வெண்பலகை காசில்லாமல் கிடைத்தது. உலகம் முழுக்க ஆசிரியர்கள் அதில் பாடம் எழுதினார்கள். 2024 டிசம்பர் 31-ஓடு நிறுத்திவிட்டார்கள். முன்னறிவிப்புக் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் அந்தப் பலகைகளில் அதற்குமேல் எழுத முடியாமல் போயிற்று. பலகையில் எழுதுவதற்கான ஓப்பன்போர்டு மென்பொருள் அப்படி இல்லை. சுவிட்சர்லாந்தில் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்காக உருவாகி, ஜெனீவாவின் கல்வித்துறையால் வளர்ந்தது. மூலநிரல் திறந்து கிடக்கிறது. நம் லேப்டாப்பில் ஒரு தடவை ஏற்றிவிட்டால் யாராலும் பறிக்க முடியாது. ஜியோஜீப்ராவையும் ஏற்றி வைத்துக்கொள்ளலாம். ஃபெட் செய்முறைகளைத் தனித்தனிக் கோப்பாக இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும். நெட் இல்லாமல் படிப்பதற்குக் கிவிக்ஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதை வைத்துத் தமிழ் விக்கிப்பீடியாவையே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

நெட் இல்லாமல் ஓட வேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்கப் போயிருந்தேன். எல்லாம் இணையத்தில் இருந்தது, கையில் ஒன்றுமில்லை. ஆடிக்காற்று, எங்கேயோ கேபிள் அறுந்துவிட்டது. 35 பிள்ளைகள் சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றுமுதல் பென்டிரைவில் இல்லாத பாடத்தை நான் வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை. சாக்பீஸும் பையில் இருக்கும்.

எழுத்துருவும் அப்படியே. பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த வினாத்தாளை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். தயவுசெய்து இனி யூனிகோடில் மட்டும் அடியுங்கள்.

பலகையில் எழுதும்போது கோடு பேனாவை விட்டு இரண்டு விரல்கடை தள்ளி விழுந்தால் பலகை கெட்டுவிட்டது என்று மூலையில் போட்டுவிடாதீர்கள். புரொஜெக்டரை யாரோ கொஞ்சம் அசைத்திருப்பார்கள். அளவொத்துக் கொடுக்கும் (கேலிபரேஷன்) நிரலைத் திறந்தால் திரையில் ஒவ்வொன்றாகப் புள்ளி வரும். புள்ளியின் நடுவில் பேனாவை வைத்து அழுத்திக்கொண்டே போனால் சரியாகிவிடும். எங்கள் பள்ளியில் இதை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி செய்கிறாள்.

ஸ்மார்ட் போர்டே இல்லாத பள்ளிக்காரர்கள் இருக்கிறீர்கள், தெரியும். ஸ்மார்ட் போர்டு என்பது 1991-இல் கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று தன் பலகைக்கு வைத்த பெயர். பிறகு எல்லாப் பலகைக்கும் அதுவே பெயராகிவிட்டது. விலையைக் கேட்டால் பெற்றோர்-ஆசிரியர் சங்கம் (பி.டி.ஏ.) பயந்துபோகும். ஆனால் புரொஜெக்டர் இருக்கிறதா? வயர்லெஸ் மவுஸ் ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். அதைப் பெஞ்ச் பெஞ்சாகக் கைமாற்றுங்கள். கடைசி பெஞ்சில் இருப்பவன் எழுந்து வரக் கூச்சப்பட்டால் இருந்த இடத்திலிருந்தே செவ்வகத்தை இழுக்கட்டும். பலகையைவிட இது பல சமயம் நன்றாக வேலை செய்கிறது.

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் ஒன்று. எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் செயற்கைக்கோள் படத்தைப் பலகையில் விரித்து, மேற்குத் தொடர்ச்சி மலையை மேலிருந்து கீழே பேனாவால் கோடிழுத்து வரச் சொன்னார். ஒரு பிள்ளை நீலகிரியிலிருந்து இழுத்துக்கொண்டே வந்தாள். நம் ஊருக்கு வந்ததும் மலை இல்லை. பேனா நின்றுவிட்டது. "இங்க ஓட்டை இருக்குது டீச்சர்." பாலக்காட்டுக் கணவாயை ஒரு பிள்ளை தானே கண்டுபிடித்தாள். ஆனி ஆடியில் நம் பனைமரம் எல்லாம் ஏன் கிழக்கே பார்த்துச் சாய்ந்து ஆடுகிறது என்று அடுத்த கேள்வி வந்தது. காற்றுக்கு அம்புக்குறி போட்டார்கள். பிறகு படத்தைப் பெரிதாக்கி மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து வாய்க்காலைத் தொட்டுக்கொண்டே வந்தார்கள். எந்தக் காட்டுக்குத் தண்ணீர் வரும், எந்தக் காட்டுக்கு வராது என்று அவர்களே குறித்தார்கள். அந்தப் பக்கத்தை டீச்சர் சேமித்து வைத்திருக்கிறார்.

பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளை போனைக் கேட்டால் எல்லாம் விளையாட்டுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். என்ன செய்கிறாய், எனக்கும் காட்டு என்று பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குத் தெரிந்த தொழிலைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். பட்டி போடுவது, வாய்க்கால் திருப்புவது, கடலைக்குப் பாத்தி பிடிப்பது எல்லாமே எங்களுக்குப் பாடம்தான்.

இரண்டு பென்டிரைவ் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் மேசைமேல் லேப்டாப் இருக்கிறது. ஓப்பன்போர்டு, ஜியோஜீப்ரா, தமிழில் உள்ள ஃபெட் செய்முறைகள், நான் செய்த 14 பாடங்கள் எல்லாம் அதில் உண்டு. எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றுங்கள், தப்பு இருந்தால் திருத்துங்கள். அடுத்த கிளஸ்டர் கூட்டத்துக்கு, அதாவது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டத்துக்கு வரும்போது நீங்கள் செய்த பாடம் ஒன்றைக் கொண்டுவந்து அதில் சேர்த்துவிடுங்கள். முதலில் இருக்கும் கோப்பின் பெயர் 'பட்டி'. அந்தப் பையன் வரைந்த வட்டம் அதில் அப்படியே இருக்கிறது.

வணக்கம்.