லாச்சிக்குள் போன கடிதம்

வணக்கம், நேயர்களே.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தாயார் யாழ்ப்பாணத்திலுள்ள எனது அலுவலகத்துக்கு வந்திருந்தார். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள், கோடிட்ட கொப்பித் தாளில் அவரே எழுதிய கடிதமொன்றை கைத்தொலைபேசியில் படம் பிடித்து அச்சிட்ட பிரதி இருந்தது. மூலக் கடிதத்தை அவர் மகள் படித்த பாடசாலையின் அதிபரிடம் கொடுத்துவிட்டார். ஒன்பதாம் வகுப்பில் படித்த அந்தப் பிள்ளையிடம் ஓர் ஆசிரியர் தொடர்ந்து நடந்துகொண்ட முறை பற்றி அதில் பத்துப் பன்னிரண்டு வரிகளே இருந்தன. "சேர் வாசிச்சவர். வாசிச்சுப்போட்டு லாச்சிக்குள்ளை வைச்சுப் பூட்டினவர். ‘பொம்பிளைப் பிள்ளை அம்மா, வெளியிலை தெரிஞ்சால் அவளின்ரை பேர்தான் கெடும், நான் பாத்துக்கொள்ளுறன்’ எண்டு சொன்னவர்" என்றார் அந்தத் தாயார். நான்கு மாதங்களுக்குப் பின்னர் அந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்று வேறொரு பாடசாலைக்குப் போய்விட்டார். பிள்ளையோ பாடசாலைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

பாடசாலை ஊழியர்களின் துஷ்பிரயோகத்திலிருந்து மாணவரைக் காக்கும் சட்டங்கள் பற்றிப் பேசுமாறு இந்நிகழ்ச்சியினர் என்னை அழைத்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதிபரின் மேசை இழுப்பறையான அந்த லாச்சிதான். சட்டம் இல்லை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. சட்டம் இருக்கிறது, தண்டனையும் கடுமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வகுப்பறையில் நடந்த ஒன்று பொலிஸ் நிலையம் வரை போய்ச் சேரவேண்டிய வழியில், கடிதத்தைப் பெற்றுக்கொண்ட மனிதர் அதை அடுத்த இடத்துக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தெளிவான வாசகம்தான் எமது தண்டனைச் சட்டக்கோவையில் இல்லை.

இருக்கும் சட்டத்தை முதலில் பார்ப்போம். தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டுக்குரியது. அதைத் தொகுத்தவர்கள், ஆசிரியர் ஒருவர் தமது தற்றுணிபை நியாயமாகப் பயன்படுத்தி மாணவனைப் பிரம்பால் அடித்தால் அது குற்றமாகாது என்பதை ஓர் உதாரணமாகவே அதில் எழுதி வைத்தார்கள். எமது பெற்றோர் தலைமுறை "கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கோ வாத்தியார்" என்று சொல்லிப் பிள்ளையைக் கையளித்ததற்குப் பின்னால் இப்படியொரு சட்டப் பின்புலமும் இருந்தது. 1991 ஆம் ஆண்டில் இலங்கை ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் பின்னர், 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இக்கோவையின் முகத்தையே மாற்றியது. அத்திருத்தம் புகுத்திய 308அ பிரிவின்படி, பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஒருவரைத் தமது பொறுப்பிலோ பராமரிப்பிலோ வைத்திருப்பவர், அவருக்குத் துன்பமோ உடல்நலக் கேடோ ஏற்படக்கூடிய விதத்தில் வேண்டுமென்றே தாக்கினாலும் கொடுமைப்படுத்தினாலும், ஆகக் குறைந்தது இரண்டு ஆண்டுகளும் ஆகக் கூடியது பத்து ஆண்டுகளும் சிறைத்தண்டனை பெறலாம். மன நலம் குலைவதும் அப்பிரிவில் சொல்லப்பட்ட கேடுகளுள் ஒன்று என்பதைக் கவனியுங்கள்.

அதே திருத்தம் 345 ஆம் பிரிவைப் பாலியல் தொந்தரவு என்ற குற்றமாக விரித்து எழுதியது. அதிகாரத்திலுள்ள ஒருவர் வேலைத்தலத்திலோ வேறெந்த இடத்திலோ சொல்லாலோ செயலாலோ செய்யும் விரும்பத்தகாத பாலியல் அணுகுமுறையும் இப்பிரிவுக்குள் அடங்கும் என்று அதன் விளக்கவுரை கூறுகிறது. தண்டனை ஐந்து ஆண்டுகள் வரை போகலாம். எனவே "அவர் தொடவில்லையே, வட்ஸ்அப்பில் செய்திதானே அனுப்பினார்" என்று ஆறுதல் சொல்பவர்கள் இந்த விளக்கவுரையை ஒருமுறை வாசிப்பது நல்லது. பாலியல் வல்லுறவு என்ற வரைவிலக்கணத்துக்குள் வராத பாரதூரமான பாலியல் செயல்கள் 365ஆ பிரிவுக்குள் வரும். பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராயின் அதற்குரிய தண்டனை ஏழு ஆண்டுகளிலிருந்து இருபது ஆண்டுகள் வரை உயர்கிறது. பாதிக்கப்பட்டவர் ஆண் பிள்ளையாயினும் பெண் பிள்ளையாயினும் இப்பிரிவு பொருந்தும். எமது ஊரில் ஆண் பிள்ளைகளுக்கு நடப்பவை பற்றிய பேச்சே எழுவதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடிப்பது பற்றிய நிலை சற்றுக் குழப்பமானது. கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையாலும், பின்னர் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றறிக்கையாலும் பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று அறிவித்தது. சுற்றறிக்கையை மீறுபவர் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு ஆளாவார். ஆனால் மீறல் என்ற அந்த ஒன்றுக்காக மட்டும் அவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது. தென் மாகாணத்துப் பாடசாலை ஒன்றில் 2017 இல் ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் செவிப்பறை பாதிக்கப்பட்டது. அது தொடர்பான அடிப்படை உரிமை வழக்கில் உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்து, கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்தையிலிருந்து எவரையும் காக்கும் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகக் கண்டது. ஆசிரியர் தமது சொந்தப் பணத்திலிருந்து ஒன்றரை இலட்சம் ரூபாவும், அரசு ஐந்து இலட்சம் ரூபாவும் செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. அரசின் பங்கு ஆசிரியரின் பங்கைவிட மூன்று மடங்குக்கும் மேலாக இருப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பாடசாலை வளவுக்குள் நடப்பது தனியொருவரின் கோபம் என்று சொல்லி நிர்வாகம் கை கழுவ இயலாது என்பதை நீதிமன்றம் தொகையாகவே காட்டிவிட்டது.

இத்தகைய அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே காலக்கெடு. அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அக்கெடுவில் சேர்க்கப்படுவதில்லை. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. ஆனால் "பார்த்துக்கொள்கிறேன்" என்ற சொல்லை நம்பிக் காத்திருக்கும் பெற்றோருக்கு அந்த ஒரு மாதம் முதல் இரண்டு பெற்றோர் கூட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

இனி அந்த இடமாற்றத்துக்கு வருகிறேன். அரச ஊழியர் ஒருவர் மீது முறைப்பாடு வந்தால் இரண்டு வழிகள் திறக்கின்றன. ஒன்று குற்றவியல் வழி; அது பொலிஸாருக்கும் சட்டமா அதிபருக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. மற்றையது அரச ஊழியருக்கான நிர்வாக விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையின் 48 ஆம் அத்தியாயம் வகுத்த ஒழுக்காற்று வழி. அதில் ஆரம்ப விசாரணை, பணி இடைநிறுத்தம், குற்றப்பத்திரம், முறைசார் விசாரணை என்ற படிகள் உள்ளன. ஒன்று முடியும்வரை மற்றையது காத்திருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு வழிகளிலும் இல்லாத மூன்றாவது ஒன்றைத்தான் நாம் நடைமுறையில் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். வலிகாமத்தில் பிரச்சினையென்றால் தீவகத்துக்கு, தீவகத்தில் பிரச்சினையென்றால் தென்மராட்சிக்கு. புதிய பாடசாலையின் அதிபருக்கு ஆசிரியரின் சுயவிபரக் கோவை வந்து சேரும்; அவர் ஏன் வந்தார் என்பது வந்து சேராது. இடமாற்றம் தாபன விதிக்கோவையில் நிர்வாகத் தேவைக்கான ஏற்பாடு. விசாரணைக்குப் பதிலாக அதைப் பயன்படுத்துவது புதிய இடத்தின் பிள்ளைகளை அறிவிப்பின்றி ஆபத்துக்குள் விடுகிறது.

இதைச் செய்யும் அதிபர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் கூறவில்லை. பலருக்கு உண்மையாகவே பிள்ளையின் பெயரைக் காக்க வேண்டும் என்ற எண்ணம்தான். ஆனால் பிள்ளையின் பெயரைக் காப்பதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. பாலியல் குற்றமொன்றில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளிப்படுத்தும் எதையும் அச்சிடுவதோ பிரசுரிப்பதோ 365இ பிரிவின்கீழ் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். யூரியூப்பில் பாடசாலையின் பெயரையும் வகுப்பையும் ஒழுங்கையையும் சொல்லி "பிள்ளைக்கு நீதி வேண்டும்" என்று முழங்குபவர்களும் இதற்குள் அகப்படக்கூடும்.

எமது அயலில், இந்தியாவின் 2012 ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து சிறுவரைக் காக்கும் சட்டம், இந்த லாச்சியை நேராகவே பெயர் சொல்லிப் பிடிக்கிறது. குற்றம் நடந்ததாக அறிந்தும் அறிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தமக்குக் கீழுள்ள ஊழியரின் குற்றத்தை அறிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓர் ஆண்டு வரை சிறை. கல்வி நிறுவனத்தின் ஊழியர் என்பதே அங்கு குற்றத்தைக் கடுமையாக்கும் காரணமாகவும் எழுதப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் இச்சட்டத்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அங்குள்ள தலைமையாசிரியருக்கு "நான் அறிவிக்காவிட்டால் எனக்கே வழக்கு" என்று சொல்லிக்கொள்ள ஒரு பிடி இருக்கிறது. இங்குள்ள நல்ல அதிபருக்கும் அந்தப் பிடி தேவை. நிர்வாகமும் பழைய மாணவரும் ஊர்ப் பெரியவரும் ஒருங்கே வந்து அழுத்தும்போது, "சட்டம் விடாது ஐயா" என்பதைவிட வலுவான மறுமொழி அவருக்குக் கிடைக்காது.

இன்னொரு வெற்றிடமும் உண்டு. எமது சட்டத்தில் சம்மத வயது பதினாறு. உயர்தர வகுப்பில் படிக்கும் பதினேழு வயது மாணவிக்கும் அவளுடைய செயன்முறைப் புள்ளிகளைத் தீர்மானிக்கும் ஆசிரியருக்கும் இடையிலான உறவை, "அவளும் சம்மதித்தாள்" என்ற ஒரு வாக்கியம் நீதிமன்றத்தில் மிகவும் சிக்கலாக்கிவிடும். இங்கிலாந்தின் 2003 ஆம் ஆண்டுச் சட்டம், நம்பிக்கைப் பொறுப்பில் உள்ள ஆசிரியர் அந்நிறுவனத்தில் படிக்கும் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருடன் பாலியல் தொடர்பு கொண்டாலே அது குற்றம் என்கிறது. பதினாறாயினும் பதினேழாயினும் மாணவியின் சம்மதம் அங்கு ஆசிரியரைக் காப்பாற்றாது. இலங்கையில் வரவேண்டிய அடுத்த திருத்தம் இதுவாக இருக்க வேண்டும் என்பது எனது கருத்து.

"ஊழியர்" என்றவுடன் ஆசிரியரை மட்டும் நினைப்பதும் எம்மிடமுள்ள ஒரு பழக்கம். பாடசாலை வளவுக்குள் காவலாளி இருக்கிறார், ஆய்வுகூட உதவியாளர் இருக்கிறார், விடுதிப் பொறுப்பாளர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் பழைய மாணவர் சங்கமோ பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் சம்பளம் கொடுத்து அமர்த்தும் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்டனைச் சட்டக்கோவை பொருந்தும். தாபன விதிக்கோவை பொருந்தாது. அவர்களை இடைநிறுத்த வலயக் கல்விப் பணிப்பாளரிடம் அவர்களுடைய சுயவிபரக் கோவையே இருக்காது. ரியூட்டரிகளின் நிலையும் இதுதான். ஆகவே இத்தகையோருடைய விடயத்தில் ஒழுக்காற்று விசாரணை நடக்கும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

பெற்றோர் செய்யக்கூடியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதிபருக்குக் கடிதம் கொடுப்பதாயின் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதியும் பாடசாலை முத்திரையும் இட்டு வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். ஆனால் அக்கடிதத்துக்காகப் பொலிஸ் முறைப்பாட்டைப் பிற்போட வேண்டாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர் பெண்கள் பிரிவுக்கு நேரே போகலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை 1929 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். அண்மையில் நடந்த சம்பவமாயின் உடுத்த உடையைத் துவைக்காமல் கடதாசிப் பையில் இடுங்கள். பொலித்தீனில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். செய்திகளை அழிக்க வேண்டாம். பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாக்குமூலம் எடுப்பது உறவினரின் வேலையல்ல. பிள்ளையின் முதல் நேர்காணலின் ஒளிப்பதிவை நீதிமன்றம் சாட்சியாக ஏற்பதற்கு 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது.

நான் ஆரம்பத்தில் சொன்ன தாயார், அலுவலகத்திலிருந்து எழுந்து போகும்போது ஒன்று கேட்டார். தமது தங்கைக்கும் முன்னொரு காலம் இப்படி நடந்ததாம். தங்கைக்கு இப்போது இருபத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். "இனி ஒண்டும் செய்யேலாது தானே" என்றார். செய்யலாம். கொலை, அரச துரோகம் ஆகியவற்றுக்குக் கால எல்லையே இல்லை. ஏனைய குற்றங்களுக்கு எமது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் இருபது ஆண்டுகள் தருகிறது. தங்கைக்கு அது நடந்தது பதின்மூன்றாவது வயதில். அன்று எனது மேசையிலேயே கூட்டிக் கழித்துப் பார்த்தோம். இன்னும் நான்கு ஆண்டுகள் மிச்சமிருந்தன.