மலையா? திண்ணையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிக்கிறவர் கை துறுதுறுங்குது, நேரா விஷயத்துக்கு வர்றேன். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்க ஏற்ற இடம் மலையா, வீட்டுத் திண்ணையா? நான் மலைக் கட்சி.

நம்ம இலக்கணத்துல மலைன்னா குறிஞ்சி. அதுக்கு உரியது புணர்தல், சேர்றது. எதிரணியோட திண்ணை வயக்காட்டு ஊர்ல இருக்கு, அது மருதம். மருதத்துக்கு உரியது ஊடல்! கேக்குறதுக்கு முன்னாடியே சண்டைக்கு இடம் பிடிச்சு வச்சிருக்காங்க.

தீர்ப்பை இப்பவே எழுதிடலாம். ஆனா என் நண்பன் கதை பாக்கி இருக்கு.

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக். 1872ல ஒரு வெள்ளைக்கார லெப்டினன்ட் போட்ட நடைபாதை, ஒரு கிலோமீட்டர் இருக்கும். இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. காலையில பனி விலகுற நேரமாப் பாத்து அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருக்கான். மோதிரத்தை எங்க ஒளிச்சான்? வேர்க்கடலைப் பொட்டலத்துல! "கடலை சாப்பிடு"ன்னு நீட்டுவானாம், அவ கைவிட்டா மோதிரம் வருமாம். அடேயப்பா, என்ன திட்டம்!

நீட்டினான். ஒரு கை வந்துச்சு. அவ கை இல்ல.

குரங்கு! பொட்டலத்தோட கம்பி மேல ஏறிடுச்சு. இவன் "ஐயா, சாமி, குடுத்துரு"ங்கிறான். ஒரு கடலைக்காகவா இப்படிக் கெஞ்சுறான்னு அந்தப் பொண்ணு முழிக்கிது.

நடுவர் ஐயா, இதைக் கொஞ்சம் குரங்கு பக்கம் நின்னு பாருங்க. அது நிதானமா உரிக்குது. முதல் கடலை நல்லாருக்கு. ரெண்டாவது நல்லாருக்கு. மூணாவது மஞ்சளா, வட்டமா இருக்கு. கடிச்சுப் பாக்குது. 'எந்த ஊர்க் கடலைடா இது?' தூக்கி எறிஞ்சிருச்சு. பள்ளத்துல இல்ல, நல்லவேளை, பெஞ்சுக்கு அடியில. இவன் மண்டி போட்டுத் தேடி எடுத்து, அதே மண்டியில திரும்பி, "என்னைக் கட்டிக்கிறியா?"ன்னான்.

அவ சொன்னா: "முதல்ல அதுகிட்ட நீட்டின, அது வேண்டாம்னுச்சு. இப்ப என்கிட்டயா?"

கல்யாணம் ஆயிருச்சு ஐயா. இது திண்ணையில நடக்குமா?

எதிரணித் தங்கச்சி கேட்டாங்க: "சமதளத்துல கேக்கத் துணிவில்லாதவன்தான் 7,000 அடி ஏறுவான். மேல ஆக்சிஜன் கம்மி, தலை சுத்துறதுல அவளும் சரின்னுடுவா." நல்லாக் கை தட்டுனீங்க. அம்மா தாயே, மே மாசம் கொடைக்கானல்ல ஒரு ரூம் எடுங்க. வாடகையில நூறு ரூபா குறைச்சுக் கேளுங்க. லாட்ஜ்காரர் அந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவர், ஆயுசு பூரா அதே காத்துதான். 'சரி'ன்னு சொல்லுவாரா? தலை சுத்துனா வத்தலக்குண்டுல ஏறும்போதே சுத்தும், அது கொண்டை ஊசி வளைவு. காதலைப் பழிக்காதீங்க, ரோட்டைப் பழிங்க! இன்னொருத்தர், குறிஞ்சி பூக்கும்போதுதான் கேப்பீங்களான்னார். 2018ல பூத்தது, இனி 2030. காத்திருக்க நான் ரெடி, பொண்ணு வீட்ல ரெடியா?

மணி அடிச்சுட்டாரு. ஒரே நிமிஷம் ஐயா.

எங்க அப்பா லாரி டிரைவர். கொடைக்கானல் மலைப்பூண்டு ஏத்திக்கிட்டு அந்த ரோட்டுல முப்பது வருஷம் ஓட்டினவர். அம்மாவை ஒருநாளும் கூட்டிட்டுப் போனதில்ல. அவங்க கல்யாணம் திண்ணையிலதான் முடிவாச்சு. தாத்தாகிட்டக் கேட்டாங்க, மாமாகிட்டக் கேட்டாங்க, பங்காளிகிட்டக்கூடக் கேட்டாங்க. அம்மா அடுப்படியில இருந்தாங்க.

அப்பா வேலையை விட்டப்புறம் ஒரு கார் எடுத்து மூணு பேரும் போனோம். ஓட்டினது அவர்தான், ஸ்டியரிங்கை யாருக்கும் தரமாட்டார். முன் சீட்ல நான், பின்னாடி அம்மா, எப்பவும் போல. அதே நடைபாதையில நான் பத்தடி பின்னால வந்தேன். பனி மூடிக்கிச்சு, ஆள் தெரியல. அப்பா குரல் மட்டும் கேட்டுச்சு: "அன்னைக்கு உன்கிட்ட யாரும் கேக்கல. உனக்குச் சம்மதமா இருந்துச்சா?"

அம்மா என்ன சொன்னாங்கன்னு காத்துல கேக்கல. இன்னிக்கு வரைக்கும் ரெண்டு பேரும் சொல்லல.

திரும்பும்போது கார்க் கதவைத் திறந்தேன். அம்மா சொன்னாங்க, "நீ பின்னாடி உக்காருடா."

வணக்கம்.