பிரசவத்துக்குப் பிறகு மார்பில் கருமை: தேய்த்துப் போக்க இது அழுக்கு இல்லை

(திரையில்: தலைப்பு. பிறகு மார்பகத்தின் எளிய கோட்டோவியம்.)

குழந்தை பிறந்த பிறகு பார்த்தால், காம்பைச் சுற்றியுள்ள வட்டம் முன்பைவிட அகலமாக, நல்ல கருப்பாக இருக்கும். உடனே வீட்டில் யாராவது "அழுக்கு சேர்ந்திருக்கு, கடலை மாவு போட்டு நல்லா தேய்ச்சுக் குளி" என்பார்கள். தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், அப்புறம் நிறமிச் செல்களைத் தூண்டும் ஹார்மோன் எல்லாமே கூடுவதால் தோல் மெலனின் என்ற கருநிறமியை அதிகமாகத் தயாரிக்கிறது. ஏற்கெனவே நிறம் கூடுதலாக உள்ள இடங்களில்தான் இது பளிச்சென்று தெரியும்: காம்பு, அக்குள், தொப்புளுக்குக் கீழே ஓடும் கோடு. கர்ப்பிணிகளில் சுமார் 90 சதவீதம் பேருக்கு உடம்பில் எங்காவது இப்படிக் கருக்கும், மாநிறத்திலும் கருநிறத்திலும் இன்னும் நன்றாகத் தெரியும். சிலருக்கு வட்டத்துக்கு வெளியேயும் திட்டுத்திட்டாகப் பரவும்.

(திரையில்: வட்டத்தில் உள்ள சிறு மேடுகள் பெரிதாக.)

அந்த வட்டத்தில் பொரிப்பொரியாக இருப்பவை பருக்கள் இல்லை, பிதுக்காதீர்கள். அவை மான்ட்கோமரி சுரப்பிகள். 1837-இல் அவற்றை விவரித்த டப்ளின் மருத்துவரின் பெயர் அது. அவற்றில் கசியும் எண்ணெய்ப்பசைதான் காம்பு வறண்டு வெடிக்காமல் பார்த்துக்கொள்கிறது, நீங்கள் சோப்பு போட்டுத் தேய்க்கும்போது முதலில் போவது அதுதான். வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

சரி, கருமை எப்போது போகும்? மாதக்கணக்கில் மெல்ல வெளிறும். பழைய நிறம் முழுதாகத் திரும்பாமலும் போகலாம், அதில் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் அதற்குள் அவசரப்பட்டு வெளுக்கும் கிரீம் வாங்கிப் பூசுகிறார்களே, அதுதான் எனக்கு உண்மையிலேயே பயம். அவற்றில் சிலவற்றில் இருக்கும் ஹைட்ரோகுவினோன் என்ற வெளுக்கும் மருந்து தோல் வழியாகக் கணிசமாக உடம்புக்குள் போகும், ஸ்டீராய்டு கலந்த கிரீம் தோலை மெலியவைக்கும், அதே இடத்தில்தான் குழந்தை வாய் வைக்கிறது. எலுமிச்சையும் வேண்டாம், வெடிப்பு இருந்தால் எரிந்துவிடும்.

மார்புக்கு அடியில் மடிப்பில் அரிப்போடு நிறம் மாறினால் அது வியர்வையால் வந்த பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். கழுத்திலும் அக்குளிலும் சேர்ந்து வெல்வெட் போலத் தடித்துக் கருத்தால் சர்க்கரை பரிசோதனை செய்யுங்கள், கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் கட்டாயமாக.

(திரையில்: ஒரு பக்கம் மட்டும் சிவப்பு வட்டமிட்டு.)

ஹார்மோனால் வரும் கருமை பொதுவாக இரண்டு பக்கமும் வரும். ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறி, காம்பில் செதில் உதிர்ந்து, கசிந்து, புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போனால், அல்லது காம்பு புதிதாக உள்ளே இழுத்தால், தோல் குழிந்தால், ரத்தம் கசிந்தால் காத்திருக்காதீர்கள். பேஜட் நோய் என்ற அரிய வகைப் புற்றுநோய் பார்ப்பதற்கு அப்படியே கரப்பான் என்ற தோல் நோய் (எக்ஸிமா) போல இருக்கும். பால் கொடுக்கும்போதே மாமோகிராமும் ஸ்கேனும் எடுக்கலாம், அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை, பரிசோதனைக்குச் சற்று முன்பு குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனால் படம் தெளிவாக விழும்.